வருகைப் பதிவேட்டை வச்சு எங்க பிள்ளைங்களை அளக்காதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. இன்னிக்கு ஓ.டி. இல்ல, அதனால உட்கார்ந்து கைப்பேசியில தட்டிக்கிட்டு இருக்கேன். எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்குங்க.

கொஞ்ச நாளா கோயில்ல எங்க பார்த்தாலும் ஒரே கேள்வி. முக்கியமா ஞாயித்துக்கிழமை அன்னதானத்துக்குக் காய் நறுக்குற இடத்துல. "இன்னும் பிள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்பலையா? சட்டம் வந்துடுச்சாமே, அப்பா அம்மாவை ஜெயில்ல போட்டுடுவாங்களாமே?" என்கிட்ட கேட்டா பரவாயில்ல. வீட்டுக்காரம்மாகிட்ட கேக்குறீங்க, பிள்ளைங்க காதுபடக் கேக்குறீங்க. ஒரு அண்ணன் ஒரு படி மேல போய் புலனக் குழுவுல "நம்ம கோயில்லயே பிள்ளைங்க படிப்பை நிறுத்தின குடும்பம் இருக்கு" அப்படின்னு போட்டிருக்கார். பேர் போடல. யாருன்னு எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதல்ல ஒண்ணு. படிப்பை நிறுத்தினதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினதும் ஒண்ணு இல்ல. இந்த வித்தியாசம் தெரியாமத்தான் பாதிப் பேர் பேசுறீங்க.

சட்டத்தைச் சொல்லிடுறேன், ஏன்னா சட்டம்னு பயமுறுத்துறவங்க யாரும் அதைப் படிச்ச மாதிரி தெரியல. நம்ம நாட்டு 1996 கல்விச் சட்டத்தை 2002ல திருத்தினாங்க. 2003லேர்ந்து ஆறு வருஷ ஆரம்பப்பள்ளி கட்டாயம். மீறினா பெத்தவங்களுக்கு 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லன்னா ரெண்டும். இடைநிலைப்பள்ளி அதுல இல்ல. என் ரெண்டு பிள்ளைங்களும் தமிழ்ப்பள்ளியில ஆறாம் வகுப்பு வரைக்கும் முழுசாப் படிச்சவங்க. மகனை 2023 மார்ச்ல, படிவம் 2 முடிஞ்ச பிறகு வீட்டுல வச்சோம். மகள் 2024 தொடக்கத்துல ஆறாம் வகுப்பு முடிச்சதும் வீட்டுக்கு வந்துட்டா. அன்னிக்கு இருந்த சட்டத்துல நாங்க எதையும் மீறல. 2025 ஜூலையில மக்களவையில நிறைவேறின திருத்தம்தான் இடைநிலைப்பள்ளியையும் கட்டாயமாக்குது. அபராதமும் சிறையும் அதே மாதிரிதான்.

இந்தத் திருத்தத்தை நான் எதிர்க்கிறேன்னு நினைச்சீங்கன்னா, இல்ல. நல்லாக் கேட்டுக்குங்க. 14 வயசுல படிப்பை விட்டுட்டு கார் கழுவுற இடத்துல நிக்கிற நம்ம பையனுங்களை எனக்குத் தெரியும். 18 ஆனதும் எங்க பேக்டரி வாசல்ல வந்து நிப்பான். பாரத்தை நிரப்பத் தெரியாது, இயந்திரத்துல மலாய்ல ஒட்டியிருக்கிற எச்சரிக்கையை வாசிக்கத் தெரியாது. எங்க தாமான்லயே அப்பா அம்மா ரெண்டு பேரும் விடியக்காலை நாலு மணிக்கு மோட்டார்ல சிங்கப்பூர் வேலைக்குக் கிளம்பிடுற வீடு எத்தனையோ. பிள்ளை பள்ளிக்குப் போனானா, முனையில உட்கார்ந்திருக்கானான்னு பார்க்க ஆள் இல்ல. அந்தப் பையனை இழுத்துட்டுப் போய் வகுப்புல உட்கார வைக்கிற சட்டம் வேணும். இருபது வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்.

என் சண்டை வேற. அந்தப் பையனையும் என் மகளையும் ஒரே பட்டியல்ல சேர்க்காதீங்கன்னுதான் கேக்குறேன்.

நான் முப்பது வருஷமா பேக்டரியில இருக்கேன். பஞ்ச் கார்ட் அடிச்சவன் எல்லாம் வேலை செஞ்சவன் இல்லைன்னு எந்த சூப்பர்வைசரைக் கேட்டாலும் சொல்வான். எட்டு மணிக்குள்ள வந்தானான்னு பார்க்கிறது ஒரு கணக்கு, சாயங்காலம் பெட்டியில எத்தனை நல்ல பீஸ், எத்தனை ரிஜெக்ட்டுன்னு பார்க்கிறது இன்னொரு கணக்கு. பிள்ளைங்க படிப்புல மட்டும் நாம முதல் கணக்கைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போயிடுறோம்.

என் மகன் கதையையே பாருங்க. 2019 மார்ச்ல கிம் கிம் ஆத்துல ரசாயனக் கழிவைக் கொட்டி, பாசிர் கூடாங்ல 111 பள்ளிகளை மூடினாங்களே, மறந்திருக்க மாட்டீங்க. ஜூன்ல மறுபடியும் மூக்கைப் பொத்திக்கிட்டு உட்கார்ந்தோம், மறுபடியும் மூடினாங்க. அப்ப அவன் அஞ்சாம் வகுப்பு. 2020 மார்ச் 18லேர்ந்து ஊரடங்கு, அந்த வருஷம் யு.பி.எஸ்.ஆர். ரத்து, அடுத்த வருஷம் அந்தத் தேர்வையே எடுத்துட்டாங்க. படிவம் 1 பாதிக்கு மேல கைப்பேசியிலதான் நடந்துச்சு. 2022ல பி.டி.3யும் போயிடுச்சு. ஆக அவனுக்கு முதல் வகுப்புலேர்ந்து படிவம் 5 வரைக்கும் பதினோரு வருஷத்துல வெளியிலேர்ந்து ஒருத்தர் வந்து சோதிக்கிற பொதுத் தேர்வு எஸ்.பி.எம். ஒண்ணுதான். நடுவுல பள்ளிக்குள்ள வருஷக் கடைசித் தேர்வு இருக்கு, ஆனா திருத்துறது பள்ளிதான். லைன்ல ஓட்டுறவனே கியூ.சி.யும் பார்த்துக்கிட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.

படிவம் 2ல அவனைக் கடைசி வகுப்புல போட்டிருந்தாங்க. எந்தப் பள்ளின்னு சொல்ல மாட்டேன், அங்க நல்ல ஆசிரியர்களும் இருந்தாங்க. ஆனா அந்த வகுப்புக்கு ஒரு பாடத்துக்கு மாசக்கணக்குல நிரந்தர ஆசிரியர் இல்ல. பையன் ஒரு நாள் விடாமப் போனான். வருகை முழுசு. நோட்டைத் திறந்து பார்த்தா தேதி மட்டும் அழகா எழுதியிருக்கு, கீழ ஒண்ணும் இல்ல. மலாய்ல ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னேன், எழுத்துக் கூட்டி வாசிச்சான். 14 வயசு. அன்னிக்கு யாரும் புலனத்துல எங்களைப் பத்திப் போடல. சீருடை போட்டுக்கிட்டு பஸ் ஏறிப் போனான்ல, அது போதும் ஊருக்கு.

இன்னொண்ணும் கேக்குறேன். ஊரடங்குல நாடு முழுக்க ஒவ்வொரு வீடும் பள்ளிக்கூடமா இருந்துச்சே. அப்ப பெத்தவங்களை நம்பித்தானே பாடத்தை அனுப்பினாங்க? பாதி வீட்டுல ஒரே கைப்பேசி, மூணு பிள்ளைங்க. அன்னிக்கு நம்பினவங்களுக்கு இன்னிக்கு நாங்க குத்தவாளியா தெரியுறோம்.

சரி, வீட்டுல என்னதான் நடக்குது? "ஜாலியாத் தூங்குறாங்க, டிக்டாக் பார்க்கிறாங்க"ன்னு சொன்னவங்களுக்காக எழுதுறேன்.

பகல் ஷிப்ட் வாரத்துல நான் அஞ்சு மணிக்கு எழுந்து, சாமி கும்பிட்டு, ஆறே காலுக்கு மோட்டார் எடுத்தாத்தான் ஏழு மணிக்கு லைன்ல நிக்க முடியும். பிள்ளைங்க ஏழரைக்கு எழும்பணும். மகளுக்கு எட்டரை வரைக்கும் கண்ணு திறக்காது, தினமும் இதுல ஒரு போர். பசியாறிட்டு ஒன்பது மணிக்கு உட்காருவாங்க. பாடநூல் எல்லாம் கல்வி அமைச்சோடதுதான், இணையத்துல இலவசமா இருக்கு. நாங்க ஒண்ணும் வெளிநாட்டுப் பாடத்திட்டம் வாங்கி வைக்கல, அதுக்கு எங்ககிட்ட காசும் இல்ல. வீட்டுக்காரம்மா முன்னாடி ஒரு ஆபீஸ்ல கிராணி. 2023ல வேலையை விட்டாங்க. குறைஞ்சபட்சச் சம்பளம் இப்ப 1,700 வெள்ளி, அவ்வளவாவது மாசம் மாசம் எங்க வீட்டுக்கு வராம இருக்கு. இதைப் பணக்காரங்க பேஷன்னு சொல்றவங்க எங்க காடியை வந்து பாருங்க.

சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறது வேற, மீசை முளைச்சவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறது வேற. நான் 1988ல எஸ்.பி.எம். எழுதினவன். அவனோட படிவம் 4 கணக்குல பாதி எனக்குப் புரியல. அதனால நான் சொல்லிக் கொடுக்கிறதே இல்ல. அவன் எனக்குச் சொல்லிக் கொடுக்கணும். லைனுக்குப் புது ஆள் வந்தா நாங்க செய்றது அதுதானே: செஞ்சு காட்டுவோம், செய்ய விடுவோம், அப்புறம் "இப்ப எனக்கு விளக்கு"ன்னு சொல்வோம். எங்க திக்குறானோ அங்கதான் அவனுக்குப் புரியலைன்னு அர்த்தம். ராத்திரி எட்டு மணிக்கு நான் குளிச்சிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தா, அவன் எதிர்ல உட்கார்ந்து ஒரு கணக்கை விளக்கணும். சில நாள் எனக்குத் தூக்கம் சொக்கும். "அப்பா, தலையாட்டாதீங்க, புரிஞ்சுதா இல்லையா?"ன்னு அதட்டுவான்.

ராத்திரி ஷிப்ட் வாரம் இன்னும் வேடிக்கை. பகல்ல நான் தூங்குறேன், பக்கத்து அறையில அவன் மலாய்ப் பேச்சுத் தேர்வுக்குச் சத்தமாப் பேசிப் பழகுறான். எழுத்துக் கூட்டி வாசிச்ச அதே பையன். மலாய்க்கு மட்டும் வாரம் ரெண்டு நாள், நம்ம கோயிலுக்கு வர்ற ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுக்குப் போறான். மலாயும் வரலாறும் தேர்ச்சி இல்லன்னா எஸ்.பி.எம். சான்றிதழே கிடைக்காது, அதனால அந்த ரெண்டுலயும் நாங்க விளையாடுறதில்ல.

வரலாறுன்னதும் ஞாபகம் வருது. ஜப்பான்காரன் காலத்துப் பாடம் வந்தப்போ, புத்தகத்தை மூடி வச்சிட்டு எங்க அப்பாவோட பெரியப்பாவைப் பத்திச் சொன்னேன். தோட்டத்துலேர்ந்து சயாம் மரண ரயில் போடக் கூட்டிட்டுப் போனவர், திரும்பி வரவே இல்ல. மகள் அன்னிக்கு முழுக்க அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தா. ஒன்பதரைக்கு மணி அடிச்சு அடுத்த பாடத்துக்கு ஓட வேண்டியது இல்லாததுனால, ரெண்டு நாள் அதுலயே இருந்தோம்.

தமிழும் அப்படித்தான். இடைநிலைப்பள்ளியில தமிழ் வகுப்பு வேணும்னா குறைஞ்சது 15 பிள்ளைங்களோட பெத்தவங்க கேக்கணும், அப்புறம் ஆசிரியர் கிடைக்கணும். எங்க வீட்டுல ரெண்டு பேர் போதும்.

எல்லாம் நல்லா இருக்குன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆய்வுக்கூடம் இல்ல. பௌதிகம், ரசாயனம் எல்லாம் செஞ்சு பார்த்துப் படிக்கிற பாடம், வீட்டு அடுப்படியில முடியாது. அதனால மகன் பொது அறிவியல் மட்டும்தான் எழுதுறான். டாக்டர், இன்ஜினியர் கதவு அவனுக்கு இப்போதைக்குச் சாத்தியிருக்கு. அவனும் நாங்களும் தெரிஞ்சேதான் இதை எடுத்தோம். தேர்வுக் கட்டணமும் பள்ளி மாணவருக்கு இல்ல, தனியார் பரீட்சார்த்திக்கு உண்டு. அப்புறம் கூட்டாளிங்க. 14 வயசுப் பொண்ணுக்கு அம்மாவோட முகத்தையே நாள் முழுக்கப் பார்த்துக்கிட்டு இருக்க முடியுமா? அதுக்குத்தான் வாரம் மூணு நாள் கோயில். தேவார வகுப்பு, மாலை கட்டுறது, தைப்பூசம் வந்தா தண்ணிப் பந்தல். முன்னாடி ஜொகூர்ல வெள்ளி, சனி விடுமுறையா இருந்தப்போ வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிள்ளைங்க நிறைய வருவாங்க. 2025 ஜனவரியிலேர்ந்து சனி, ஞாயிறுன்னு மாத்தினதுலேர்ந்து வெள்ளிக்கிழமை காலையில விளக்குக்கு எண்ணெய் ஊத்துறது என் பிள்ளைங்கதான். இது தெரிஞ்சும் "வீட்டுல அடைச்சு வச்சிருக்கார்"னு சொல்றீங்க பாருங்க.

இப்ப எதிர்ப் பக்கத்துலயும் நியாயம் இருக்கிற ஒரு பேச்சு. கோயில்ல ஒரு பாட்டி சொன்னாங்க: "தம்பி, நாங்க தோட்டத்துல ஆறாம் வகுப்போட பால் மரம் வெட்டப் போனோம். எங்க பிள்ளைங்களைப் பெரிய ஸ்கூலுக்கு அனுப்ப நகையை வித்தோம். நீ கிடைச்ச ஸ்கூலை வேணாம்ங்கிற." இதுக்கு என்கிட்ட சட்டுனு பதில் இல்ல, கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தப் பாட்டிக்கு நான் மதிப்பு கொடுக்கிறதுனாலதான், பள்ளிக்கூடமே தேவையில்லை, அந்தக் காலத்துக் குருகுலம் மாதிரி வளர்க்கலாம்னு பேசுறவங்களோட நான் சேர்றதில்ல. குருகுலம் குருகுலம்னு பெருமை பேசுறீங்களே, அந்தத் திண்ணையில நம்ம ஆளுங்க பாதிப் பேரை ஏத்தினதே இல்ல, பொம்பளைப் பிள்ளையைக் கேக்கவே வேணாம். அரசாங்கப் பள்ளிதான் கதவைத் திறந்துச்சு.

அதே காரணத்துக்காக, என்னைப் பார்த்துக் காப்பியடிக்க வர்றவங்ககிட்டயும் கறாராச் சொல்றேன். இந்த வருஷத்துல மட்டும் நாலு பேர் கேட்டாங்க: "அண்ணே, பையன் போக மாட்டேங்கிறான், நாங்களும் ஹோம்ஸ்கூல் பண்ணிடலாமா?" வீட்டுல யாரு இருப்பீங்கன்னு கேட்டேன். யாரும் இல்ல, ரெண்டு பேரும் வேலை. அப்ப அதுக்குப் பேர் வீட்டுக்கல்வி இல்ல, பையனைக் கைப்பேசிகிட்ட ஒப்படைக்கிறது. ஒருத்தர் மகளை நிறுத்தப் பார்த்தார், காரணம் கேட்டா, சின்னப் பிள்ளையைப் பார்த்துக்க ஆள் இல்லையாம். எனக்குக் கோபம் வந்துடுச்சு. பொண்ணை ஆயா வேலைக்கு வச்சுக்கிட்டு அதுக்கு ஹோம்ஸ்கூல்னு பேர் வைக்காதீங்க. எங்க வீட்டுல மகள் அடுப்படியில நிக்கிற நேரமும் மகன் நிக்கிற நேரமும் ஒண்ணு, செவ்வாய் வியாழன் சாம்பார் அவன்தான். இந்த மாதிரி ஆளுங்க இருக்கிறதுனாலதான் சட்டம் எங்க தலையிலயும் விழுது.

சரி, அரசாங்கத்துகிட்ட என்ன கேக்குறோம்? விலக்கு கொடுக்க அமைச்சருக்கு அதிகாரம் சட்டத்துலயே இருக்கு. ஆனா ஆரம்பப்பள்ளி விஷயத்துல வழக்கமா உடம்பு முடியாத பிள்ளைங்களுக்குத்தான் அந்தக் கதவு திறந்திருக்கு. நான் ஒரு அலுவலகத்துக்குப் போய்க் கேட்டப்போ கவுண்டர்ல இருந்தவர் முதல்ல கேட்டதே, "பிள்ளைக்கு என்ன நோய்?" நோய் இல்லைங்கன்னா, பாரம் இல்லைங்கிறார்.

காஸ்வேக்கு அந்தப் பக்கம் பாருங்க. சிங்கப்பூர்லயும் 2003லேர்ந்து ஆரம்பக் கல்வி கட்டாயம். ஆனா வீட்டுல படிக்க வைக்கணும்னா முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். என்ன சொல்லிக் கொடுக்கப் போறீங்கன்னு காட்டணும். அதுக்கப்புறம் பிள்ளை மத்த பிள்ளைங்க மாதிரியே பி.எஸ்.எல்.இ. எழுதணும். எழுதினா மட்டும் பத்தாது, நாட்டுல அந்தத் தேர்வு எழுதினவங்கள்ல கீழ மூணுல ஒரு பங்கைத் தாண்டி வரணும். கடுமையான விதிதான். எனக்குப் பிடிச்சிருக்கு. வீட்டுல வச்சிருக்கியா, வச்சுக்க, ஆனா பிள்ளைக்கு என்ன தெரியும்னு காட்டு. அங்க அது ஆரம்பப்பள்ளிக்குத்தான். நம்ம நாட்டுல இடைநிலைப்பள்ளிக்கு அதே மாதிரி ஒண்ணு வைக்கட்டும்: வருஷத்துக்கு ஒரு தடவை கல்வி இலாகா சொல்ற இடத்துல வந்து மலாய், ஆங்கிலம், கணிதம், வரலாறு எழுதணும். தேறலன்னா அடுத்த தவணை பள்ளிக்கு அனுப்பணும். என் மகளை நாளைக்கே கூட்டிட்டு வர்றேன். யார் வேணும்னாலும் திருத்துங்க.

அது வரைக்கும் என்ன செய்யப் போறோம்னு கேக்குறவங்களுக்கு: மகளுக்கு விலக்கு கேட்டு மனு எழுதிட்டோம். அவளோட நோட்டு, நாங்க வச்ச பரீட்சைத் தாள், ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதிக் கொடுத்த கடிதம் எல்லாம் ஒரு கோப்புல இருக்கு. இல்லைன்னு பதில் வந்தா அனுப்பிடுவோம், சட்டத்தை மீறி ஒரு நாள்கூட வச்சிருக்க மாட்டோம். சீருடை அளவுகூட எடுத்துப் பார்த்தாச்சு. அவளுக்கு அது பிடிக்கல, ரெண்டு நாளா என்கிட்ட சரியாப் பேசல. மகனுக்கு இந்த வருஷக் கடைசியில எஸ்.பி.எம்., தனியார் பரீட்சார்த்தியாப் பதிஞ்சு பணம் கட்டியாச்சு. என்ன ரிசல்ட் வந்தாலும் இதே பக்கத்துல போடுவேன், மறைக்க மாட்டேன்.

கோயில் நிர்வாகத்துகிட்டயும் ஒரு விண்ணப்பம். மண்டபத்துக்குப் பின்னால சாமான் போட்டு வச்சிருக்கிற அறையில ஒரு மேசையும் ரெண்டு பெஞ்சும் போட அனுமதி கேட்டிருந்தேன், தலைவர் ஐயா சரின்னுட்டார். ஞாயித்துக்கிழமை பத்து மணியிலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நானோ வீட்டுக்காரம்மாவோ அங்க இருப்போம். பள்ளிக்குப் போற பிள்ளையா, வீட்டுல படிக்கிற பிள்ளையான்னு கேக்க மாட்டோம். படிவம் 3, 4, 5 பயிற்சிப் புத்தகம் பழசு இருந்தா கொண்டு வாங்க, கிறுக்கியிருந்தாலும் பரவாயில்ல. மலாய் வாசிக்கத் திணறுற பிள்ளை இருந்தா வெட்கப்படாமக் கூட்டிட்டு வாங்க, என் மகன் உட்கார்ந்து வாசிக்க வைக்கிறேன்னு சொல்லியிருக்கான். புலனத்துல போட்ட அண்ணனும் வரலாம். பன்னெண்டரைக்கு அன்னதானம், அதுக்கு முன்னாடி வந்தா நிதானமாப் பேசலாம்.